அத்தையை இறக்கிவிட்ட ரோடு

என் பெரியப்பா மகன் பொய் சொன்னான். போன மாதம் செம்பூரில் நடந்த நம் மூத்தவர்கள் கூட்டத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, உங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னான். பழைய போட்டோக்களைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டினான். ஒரு மிலிட்டரி லாரி, அதன் முன்னால் கோட்டும் பஞ்சகச்சமுமாக அவன் அப்பா, அப்புறம் அருவி, மைசூர். "நாங்கள்லாம் நாப்பதுகள்லயே ரோடு வழியா தேசம் சுத்தினவா" என்றான். "லாரி ஓரத்துல நிக்கறாளே, அந்தப் பொண்ணு யாரு?" என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். "அது எங்க அத்தை. அவளுக்கு அருவியைவிட டிரைவரைப் பிடிச்சுப்போயிடுத்து. பாதி வழியிலயே இறங்கிண்டுட்டா" என்றான். நீங்கள் சிரித்தீர்கள். ஒருத்தர் கையும் தட்டினார்.

நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பதற்குள் டீயும் சமோசாவும் வந்துவிட்டன. மைக்கை அணைத்துவிட்டார்கள். அவனும் நெருளுக்குப் போக மகனுடைய காரில் ஏறிவிட்டான். அதனால்தான் நம் சுற்றறிக்கையில் இடம் கேட்டு வாங்கி எழுதுகிறேன். அவன் பெயரை எழுதப்போவதில்லை. அவன் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

யுத்தம் முடிந்து, சுதந்திரம் வராமல் இருந்த குளிர்காலம் அது. எனக்கு ஒன்பது வயது. மாட்டுங்காவில் இரண்டாவது மாடியில் ஒரே குடித்தனமாக இருந்தோம். பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகன், அப்பா, அம்மா, நான், அப்புறம் அத்தை. அத்தை அப்பாவுக்குத் தங்கை. கல்யாணமான வருஷமே புருஷன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டான். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சமையல், துணி துவைப்பது, என் தலைக்கு எண்ணெய் வைப்பது எல்லாம் அத்தைதான். பால்கனியில் ஒரு ஆணியில் நீல விளிம்பு வைத்த எனாமல் தட்டும் டம்ளரும் தொங்கும். மாதத்தில் மூன்று நாள் வீட்டுப் பெண்கள் முறை வைத்து அந்தத் தட்டோடு பால்கனியில் உட்கார்ந்திருப்பார்கள். நம்மில் பல வீடுகளில் அப்படித்தான். மழை வந்தால் சாக்கைத் தலையில் போட்டுக்கொள்வார்கள். கீழே டிராம் போகிறதைப் பார்த்துக்கொண்டு அத்தை அங்கே சந்தோஷமாகவே இருப்பாள். அந்த மூன்று நாளும் அடுப்பு இல்லை அல்லவா.

பெரியப்பா ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க். தாராவியில் தோல் வியாபாரம் செய்த ஒருவருக்கு வருஷாவருஷம் கணக்கு எழுதிக் கொடுப்பார். அந்த வியாபாரி, யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்ட டிஸ்போசலில் ஒரு மிலிட்டரி லாரி எடுத்திருந்தார். "லீவுக்கு எடுத்துட்டுப் போங்க சார், டிரைவரோடவே தரேன்" என்று சொல்லிவிட்டார். பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரி சாப்பாடு ஆனதும் தரையில் மேப்பை விரித்துவிடுவார். பூனா, கோலாப்பூர், ஹூப்ளி, கெர்சொப்பா அருவி, மைசூர், ஊட்டி. விரலை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சொல்வார். அத்தை கதவோரமாக நின்று கேட்பாள். அருவியில் விரல் வந்ததும், "எவ்வளவு உசரம் அண்ணா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். அவர் ஒவ்வொரு நாளும் ஒரு உயரம் சொல்வார்.

லாரியில் பாத்திரம் ஏற்ற அத்தையும் நானும் தாராவிக்குப் போனோம். டிரைவர் வீட்டு வாசலில்தான் அது நிற்கும். அவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். யுத்தத்தில் அஸ்ஸாம் வரை லாரி ஓட்டினவர். அவருடைய பெண்சாதி இடுப்பில் குழந்தையோடு வந்து எங்கள் அண்டா, வாணலி, இட்லிப் பானையை எல்லாம் பார்த்தாள்.

"என்ன பிள்ள, கலியாணத்துக்கா போறிய?"

"இல்லை, ஊர் சுத்திப் பாக்க."

"ஊரு பாக்கதுக்கு எதுக்கு இம்புட்டுச் சட்டி? பாக்கதா, திங்கதா?"

அத்தை சிரித்தாள். தண்ணீர் கேட்டாள். அந்த வீட்டு டம்ளரில், வாயை வைத்தே குடித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "பாத்துட்டியா? பாத்தா பாத்துக்கோ" என்றாள்.

லாரியில் பச்சைத் தோல் நாற்றம் அடித்தது. பெரியம்மா சாணித் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், கோமியம் மூன்றும் தெளித்தாள். "இதுல ஆட்டுத்தோல் ஏத்துவாவன்னு அம்மாவுக்குத் தெரியும்லா?" என்று டிரைவர் கேட்டார். "அதுக்குத்தானே தெளிக்கறேன்" என்றாள் பெரியம்மா. டிரைவருக்குத் தலைக்கு மேலே ஒரு பிள்ளையார் படமும் மாட்டினாள். ஒரே காலையில் தோல் லாரி சுத்தமாகிவிட்டது.

கிளம்பினபோது முன் சீட்டில் பெரியப்பாவும் அவர் மகனும். அவன் கழுத்தில் பைனாகுலர், அதுவும் டிஸ்போசல் சரக்குதான். பின்னால் தார்ப்பாயில் ஜன்னல் மாதிரி வெட்டியிருந்த இடத்தில் அப்பா. மறுபக்கம் பெரியம்மா. நடுவில் அண்டா, ஸ்டவ், படுக்கை மூட்டை, அம்மா, நான், அத்தை. தாணா, பன்வேல் தாண்டி மலை ஏறத் தொடங்கினபோது எஞ்சின் கொதித்தது. டிரைவர் இறங்கி ஈரச்சாக்கைப் போட்டார். முன்னால் இருந்து, "ஆஹா, பள்ளத்தாக்கு! ரயில் பாரு, புழு மாதிரி போறது!" என்று கத்தினான் என் பெரியப்பா மகன். எங்களுக்குத் தெரிந்தது அண்டா. அத்தை எழுந்து அப்பாவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "உக்காரு, பாத்திரம் சாயறது" என்றாள் பெரியம்மா.

வண்டி நிற்கும் இடமெல்லாம் எல்லோரும் காட்சி பார்க்கப் போவார்கள். அத்தை கல் கூட்டி அடுப்பு மூட்டுவாள். சாதாராவில் ஒரு மரத்தடியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கோட்டை பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்து சாப்பிட்டார்கள். "கோட்டை எப்படிடி இருந்தது?" என்று அத்தை என்னிடம் கேட்டாள். கல்லு என்றேன். "கல்லுன்னு எனக்குத் தெரியாதா?" என்று கரண்டியால் ஓங்கினாள். கோலாப்பூரிலும் அதேதான். ஹூப்ளியிலும். நான் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும், அவள் கேட்க வேண்டும். எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை என்று அவளுக்குக் கோபம் வரும்.

ஹூப்ளி தாண்டியதும் மண் சிவப்பாகியது. அன்று காலை அத்தை அம்மாவிடம் காதில் ஏதோ சொன்னாள். அம்மா பெரியம்மாவிடம் சொன்னாள். வண்டி நின்றது.

"இப்பவா? அருவிக்கு நாளைக்குப் போகணும், இப்பவா?" என்றாள் பெரியம்மா, ஏதோ அத்தை வேண்டுமென்றே செய்தது மாதிரி.

எனாமல் தட்டும் கூடவே வந்திருந்தது. அதை எடுத்துக் கொடுத்து, அத்தையை லாரியின் பின் பலகை ஓரத்தில், படுக்கை மூட்டைக்கு அந்தப் பக்கம் உட்காரச் சொன்னார்கள். அத்தை காலைத் தொங்கப்போட்டு, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். சமையல் அம்மா தலையில் விழுந்தது. வண்டி போகப் போக ரோட்டுப் புழுதி எல்லாம் அத்தை மேல்தான். தலை, புருவம், புடவை எல்லாம் செம்மண். ஆனால் நான் அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது இல்லை. காடு, மூங்கில், பாக்கு மரம், தலையில் விறகோடு போகும் பெண்கள், எல்லாம் எங்களைத் தாண்டின பிறகு அவளுக்குத் தெரியும். மூட்டைக்கு மேலாக எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். "மயில்டி! மயில் ரோட்டைத் தாண்டறது! அந்த மடையன் பைனாகுலரை வெச்சுண்டு கோட்டை விட்டுட்டான்." முன்னால் இருந்தவர்கள் யாரும் அந்த மயிலைப் பார்க்கவில்லை.

மத்தியானம் பெரியம்மா முடிவு கட்டிவிட்டாள். "அருவிகிட்ட பங்களால ஒரே ஹாலாம். எல்லாரும் ஒண்ணாப் படுக்கணும். ஸ்வாமி படம் வேற இருக்கு. என்னால முடியாது."

சிர்சிக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பாக்குத் தோட்டக்காரர் ஒருவர் வீட்டில் வண்டிக்குத் தண்ணீர் எடுக்க நின்றோம். நம்மைப் போலவே ஆசாரம் பார்க்கிறவர்கள். அவர்கள் வீட்டில் மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் இதற்கென்றே ஒரு அறை இருந்தது. பெரியப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அரைகுறை இங்கிலீஷில் அவரோடு பேசி, அத்தையை அங்கே விட ஏற்பாடு செய்துவிட்டார்.

"அருவியைப் பாத்துட்டு இதே வழியா வருவோம். அதுக்குள்ள நீயும் குளிச்சிருப்பே. உன்னை ஏத்திண்டு மைசூர் போவோம்" என்றார்.

"நான் அருவி பாக்க வேண்டாமா அண்ணா?"

"அருவி எங்கயும் ஓடிப்போயிடாது."

"நான் வண்டிலயே படுத்துக்கறேன். பங்களாக்குள்ள வரவேமாட்டேன். தூரத்துலேர்ந்து பாத்துட்டு வந்துடறேன்."

அப்பா அப்போது கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழுவினார். அத்தையின் தகரப் பெட்டி அண்டாவுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்ததால் ஒரு புடவையை மட்டும் உருவிக் கொடுத்தார்கள். வண்டி கிளம்பியபோது அவள் அந்தக் கொட்டில் பக்கம் நின்று எங்களைப் பார்த்தாள். கை ஆட்டவில்லை.

அருவியைப் பற்றி என் பெரியப்பா மகன் உங்களிடம் அளந்தான். உண்மையைச் சொல்கிறேன். நாங்கள் போன அன்று முழுக்கப் பனிமூட்டம். சத்தம் கேட்டது, தண்ணீர் தெரியவில்லை. மறுநாள் மத்தியானம் மூட்டம் விலகியது. மழைக்காலம் போய் வெகுநாள் ஆகியிருந்தது. அவ்வளவு பெரிய பாறையில் நாலு நூல் தொங்கினது மாதிரி தண்ணீர். "ஆடி, ஆவணில வந்திருக்கணும்" என்றார் பங்களாக் காவல்காரர். பெரியப்பா அவரை முறைத்தார். எல்லோரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். நீங்கள் பார்த்த அருவிப் போட்டோ அதுதான். அதில் அத்தை இல்லை என்று உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அருவியிலிருந்து கிளம்பி வந்தால் ரோடு இரண்டாகப் பிரியும். பட்டப்பகல். டிரைவர் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

"அய்யா, பீச்சாங்கைப் பக்கம் போனா அந்த அம்மாவக் கூட்டிட்டு வரலாம். சோத்தாங்கைப் பக்கம் போனா மைசூரு. எங்கிட்டுப் போவ?"

பெரியம்மா, "பேச்சைப் பாரு" என்று முகம் சுளித்தாள். பெரியப்பா மேப்பைப் பார்த்தார். அந்தப் பக்கம் போய்த் திரும்ப ஒரு நாள் போய்விடும், பெட்ரோல் கூப்பன் பற்றாது என்றார். அப்போதுதான் முன் சீட்டில் இருந்து ஒரு குரல் வந்தது. "அப்பா, மைசூர்ல அரண்மனைக்கு லைட் போடுவாளே, அது போயிடுமே! நேரா மைசூர் போலாம்ப்பா!" பதின்மூன்று வயதுப் பையன். அவன் கேட்டதை நான் தப்பு சொல்லவில்லை. பையன்கள் கேட்பார்கள். ஆனால் பெரியப்பா மேப்பை மடித்து, "சோத்தாங்கை" என்றார். அதே வார்த்தையைத்தான் சொன்னார்.

"அப்ப அந்த அம்மா?" என்றார் டிரைவர்.

"தந்தி குடுத்துடலாம். அவா நல்ல மனுஷா, ரயில் ஏத்தி விட்டுடுவா."

"ஒத்தப் பொம்பளயய்யா."

"ஓட்டறது உம்ம வேலை. ஓட்டும்."

நான், "அத்தை?" என்றேன். அம்மா தொடையில் கிள்ளினாள். அப்பா தார்ப்பாய் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு எருமை நின்றது. வண்டி திரும்பியது. வழியில் சாகர் என்ற ஊரில் தந்தி கொடுத்தார்கள், நேரே பம்பாய் போ என்று. ஒரு பெண் எப்படிப் போவாள், எதை வைத்துக்கொண்டு போவாள் என்று அந்தத் தந்தியில் இல்லை.

மைசூர் அரண்மனை இருட்டாக இருந்தது. தசராவுக்குத்தான் விளக்குப் போடுவார்களாம். அப்புறம் ஊட்டி போனோம், சாக்லேட் தின்றோம், குளிரில் நடுங்கினோம். யாரும் அத்தையைப் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொரு ஊரிலும் எனக்கு உடனே கிளம்ப வேண்டும் போல் இருக்கும். வீட்டுக்குப் போனால் அத்தை அங்கே இருப்பாள் என்று நினைத்தேன். எங்கே கூட்டிக்கொண்டு போனாலும், "எப்போ போலாம்?" என்று கேட்டு அடி வாங்கினேன்.

வீட்டில் பூட்டு தொங்கியது. சாவி எங்களிடம்தானே இருந்தது.

மறுநாள் காலை வாசலில் டிரைவர், அவர் பெண்சாதி, நடுவில் அத்தை. அத்தை எங்களுக்கு முன்னாலேயே பம்பாய் வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, எங்கே போவதென்று தெரியாமல் தாராவிக்கு நடந்திருக்கிறாள். பம்பாயில் எங்கள் வீட்டைத் தவிர அவளுக்குத் தெரிந்த வாசல் அது ஒன்றுதான். முன்தினம் எங்களை இறக்கிவிட்டு வீடு போன டிரைவர் அவளைத் தன் வீட்டில் பார்த்துத் திகைத்துப்போனாராம்.

பெரியப்பா கதவைப் பாதி திறந்தபடி நின்றார்.

"யாரோட வந்தே?"

"லாரில வந்தேன்."

"யார் லாரி?"

"பாக்கு லாரி. அப்பறம் வெங்காய லாரி."

"இத்தனை நாள் எங்க இருந்தே?"

"இவா ஆத்துல."

"என்ன சாப்பிட்டே?"

"அவா போட்டதைச் சாப்பிட்டேன். மீனை ஒதுக்கிட்டு."

மாடியில் இருந்த எல்லாக் குடித்தனமும் எட்டிப் பார்த்தது. பெரியப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இனிமே உன்னை எப்படி உள்ள விடறது? நீயே சொல்லு" என்றார்.

"நீதானே அண்ணா விட்டுட்டுப் போனே. நான் சொல்லி என்ன ஆகப்போறது? பெட்டியைக் குடு."

பெட்டியை மாடிப்படியில் வைத்தார்கள். கையில் கொடுக்கவில்லை, வைத்தார்கள். அப்பா உள்ளே பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் அழுதாள், ஆனால் வெளியே வரவில்லை. டிரைவரின் பெண்சாதி பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"மூணு நாள் ஒதுக்கி வச்சிய, சரி. இப்பம் ஆயுசுக்கும் ஒதுக்கியாச்சாக்கும்? உங்க வீட்ல நாயி கூட இருக்காது. வா பிள்ள, போவோம்."

அன்று மத்தியானமே பெரியம்மா மாடி முழுக்கச் சொல்லிவிட்டாள், அத்தை டிரைவரோடு ஓடிப்போனாள் என்று. அந்த மனுஷன் பயணம் முழுக்க எங்களோடு இருந்தார். எங்களுக்கு வண்டி ஓட்டினார். சொந்தப் பெண்சாதியோடு வாசலில் வந்து நின்றார். கேட்டவர்களில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அத்தை என் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். வேறு மாதிரிப் புடவை கட்டியிருந்தாள். கடலை வாங்கித் தந்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. குளித்துவிட்டு, பாக்குத் தோட்டக்காரர் வீட்டு ரோட்டோரத்தில் தலையை உலர்த்திக்கொண்டு நாள் முழுக்கக் காத்திருந்ததைச் சொன்னாள். "ஒவ்வொரு லாரி சத்தத்துக்கும் எழுந்து நிப்பேன்டி. அந்தாத்து மாமி சிரிப்பா. அப்பறம் சிரிக்கறதை நிறுத்திட்டா." தந்தி வந்தபோது அந்த வீட்டு மனிதர் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாராம். மாமிதான் அவர்களுடைய பாக்கு லாரியில் ஏற்றிவிட்டாள். ஹூப்ளியில் அந்த லாரிக்காரர் பூனா போகும் வெங்காய லாரி ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். அதே லாரிதான் பம்பாய் வரை வந்தது.

"முன்னால உக்காந்துண்டு வந்தேன்டி" என்றாள். கண் விரிந்தது. "கண்டாலா மலை இறங்கறச்சே விடிஞ்சுது. நீ சொன்னியே, புழு மாதிரி ரயில்னு. புழு இல்லைடி. ரயில் குகைக்குள்ள போறது, புகை மட்டும் வெளில நிக்கறது. நீ ஒழுங்காவே சொல்லலை." அப்படிச் சொன்னது நான் இல்லை, பெரியப்பா மகன் என்றேன். "அவன் சொன்னாலும் அதேதான்" என்றாள்.

அதன் பிறகு அவள் செம்பூரில், பிரிவினையின்போது சிந்து தேசத்திலிருந்து வந்தவர்களுக்கு முகாம் போட்டபோது அங்கே சமையலுக்குச் சேர்ந்தாள். அப்புறம் தையல். யாரையும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் வேலைக்குப் போகத் தொடங்கின பிறகு, வீட்டில் கேட்காமல், மாதாமாதம் போய்ப் பார்த்தேன். அவள் செத்துப்போனபோது என் அப்பா வரவில்லை. பெரியப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அவர் மகனுக்குச் சொல்லி அனுப்பினேன். ஆபீஸில் ஆடிட் என்றான்.

இந்தக் கதை அவனுக்குத் தெரியாது என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். அவன் முன் சீட்டில் இருந்தான். டிரைவர் கேட்டதும், அவன் அப்பா சொன்னதும் பின்னால் இருந்த எனக்கே கேட்டது என்றால் அவனுக்குக் காதுக்குள்ளேயே கேட்டிருக்கும். வாசலில் பெட்டியை மாடிப்படியில் கொண்டு வைத்தவனும் அவனேதான். இப்போது எண்பது தாண்டி, ஒரு செத்த பெண்ணை வைத்து ஊரைச் சிரிக்க வைக்கிறான். அந்த டிரைவரின் பேரப்பிள்ளைகள் தாராவியில் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால்?

அண்ணா, உன்னிடம் தனியாகப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. போன் செய்யாதே, வீட்டுக்கு வராதே. அடுத்த கூட்டத்துக்கு வா. அதே மைக்கைப் பிடி. சிரித்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கட்டும். ரோடு பிரிந்த இடத்தில் டிரைவர் என்ன கேட்டார்? நீ என்ன சொன்னாய்? உன் அப்பா எந்தப் பக்கம் போகச் சொன்னார்? அத்தை இறங்கினாளா, இறக்கிவிட்டோமா? எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்.